பீரோக் கதவில் ஒரு மார்புக்கவசம்

தஞ்சாவூர் வெயிலில் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு வியர்க்காமல் நின்ற ஒரே மனிதர் எங்கள் கவசம்தான். வியர்த்திருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் கிரில் கேட் அடிக்கும் வெல்டிங் பட்டறைக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்; ‘கவசம்’ என்றால்தான் திரும்புவார். குதிரையேறிப் போன பழைய ஐரோப்பிய வீரர்களை ‘நைட்’ என்பார்களே, அவர்கள் படங்களை செல்போனில் பார்த்துப் பார்த்துக் கிறங்கிப்போனவர். மிச்சத் தகட்டில் முதலில் தலைக்கவசம் செய்தார். பிறகு கையுறை, முழங்கால் மூடி, கேடயம்.

கேடயத்தில் குலச்சின்னம் வேண்டுமே? சிங்கம் போடச் சொன்னேன்.

“சிங்கத்துக்கும் எனக்கும் என்னண்ணே பழக்கம்? எங்க முப்பாட்டன் காலத்துலேருந்து அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டு, நண்டு புடிச்சுத் தின்னவங்க. எங்க வம்சத்துக்கு நண்டுதான்.”

வரைந்தார். இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி நின்றது நண்டு.

மார்புக்கவசத்துக்குத் தகடு போதவில்லை. மனைவி செல்வி சீராகக் கொண்டுவந்த பீரோவின் கதவைக் கழற்றி வெட்டிவிட்டார். செல்வி கத்தவில்லை. துணிமணியைக் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு பூதலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை. சோறு இறங்காமல் கவசம் பாதியாக இளைத்தார். சட்டைக்குள் ஆள் ஆடும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஒரு மார்கழிக் காலையில் முழு உடுப்போடு வந்து என்னை எழுப்பினார்.

“வாங்கண்ணே. அவ வரமாட்டேன்னா எல்லாத்தையும் காயலான் கடைல போட்டுடறேன். அப்பவும் வரலேன்னா...”

ஸ்கூட்டரில் அவர் முன்னே, கேடயத்தோடு நான் பின்னே. இரண்டு பக்கமும் பனி. சம்பாக் கதிர் நுனிகள் மட்டும் எதிலோ மிதந்தன. கொக்குகள் பறக்க மறந்து எங்களையே பார்த்தன. ஓடுவது வண்டியா, என் தூக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார்.

“யாருய்யா நீ?”

“நைட்டுங்க.”

“நைட் டூட்டி முடிச்சுட்டு வர்றியா? ஹெல்மெட்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்க?”

கவசம் என் கையிலிருந்த கேடயத்தைக் காட்டினார். “இருக்குங்களே, நண்டு.”

போலீஸ்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். நண்டு அங்கேயேதான் இருந்தது. “போய்ப் படுத்துத் தூங்குப்பா,” என்று வழிவிட்டார்.

பூதலூரில் செல்வி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கவசம் இறங்கிப் போய் அவள் எதிரே ஒரு முழங்காலை ஊன்றினார்.

“எந்திரிங்க. ஊரே பாக்குது.”

“முடியல செல்வி. மூட்டு மாட்டிக்கிச்சு.”

“அப்ப மன்னிப்புக்காக மண்டி போடலையா?”

“போட்டது மன்னிப்புக்குத்தான். எந்திரிக்காததுதான் மூட்டுக்கு.”

செல்வி கிட்டே வந்தாள். அவர் மார்பின் இடப்பக்கம், பீரோவின் சாவித்துவாரம் அப்படியே இருந்தது. கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நுழைத்துத் திருகினாள். உள்ளே ‘டக்’ என்றது.

“பூட்டு நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “கெளம்புங்க, வீட்டுக்குப் போவோம். இனிமே என் சேலையெல்லாம் இந்தச் சட்டைக்குள்ளதான் மடிச்சு வைப்பேன்.”

நானும் செல்வியும் மூட்டைத் தட்டித் தட்டி அவரை எழுப்பினோம். அவர்களுக்கு வண்டி, எனக்கு பஸ். வழியிலேயே அவர்களைப் பிடித்துவிட்டோம். வெயில் பனியைத் தொட்டிருந்தது. அந்த இரும்புத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு செல்வி போனாள். டிரைவர் முந்துவதற்காக ஹாரனில் கை வைத்தார்.

“மெதுவாப் போங்கண்ணே,” என்றேன். “முன்னால நம்ம ஆளு போறாரு.”