புலிமாபுரமும் பூவாத்தாவின் ஞாயிற்றுக்கிழமையும்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. ராஜா என்பதால் இருந்தார் என்றே சொல்லிவிடுவோம், நமக்கு எதற்கு வம்பு. அவருக்கு முன்கோபம் அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னவர்கள் இப்போது இல்லை.

ரத்தக்கொதிப்பு ஏறிக்கொண்டே போகவே ஆந்தை டாக்டர், "மனசுக்குப் பிடிச்சதா ஏதாச்சும் செய்யுங்க ராஜா, படம் கிடம் வரையுங்க" என்றார். ராஜாவும் உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டுக்குத் தன் கையாலேயே வரைபடம் போட்டார். மலை, கடல், ஆறு, பாலைவனம், நடுவில் தனக்கொரு கோட்டை. புலிமாபுரம் என்று பெயரும் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். எல்லோரையும் ஆலமரத்தடிக்குக் கூப்பிட்டு, "மனசுல பட்டதைச் சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

இதற்கு முன் இந்தப் பேச்சை நம்பிய ஒரு மானின் கொம்பில்தான் ராஜா இப்போது துண்டு காயப்போடுகிறார்.

நரி முன்கூட்டியே எல்லோருக்கும் பயிற்சி கொடுத்திருந்தது. "யானைக்கு மருந்து கொடுக்கிற மாதிரிதான். குறைதான் மாத்திரை, பாராட்டு வாழைப்பழம். உள்ளே வச்சு மூடிக் கொடுத்துடணும்." நல்ல முறைதான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் வெறும் பழத்தையே கொடுத்தார்கள். மான், "நீலம் நல்ல நீலம்" என்றது. குரங்கு, "கோட்டையில உங்க முகச்சாயலே தெரியுது" என்றது. நரி, "அருமைங்க ராஜா" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டது.

அடுத்து பூவாத்தா. காட்டுப்பன்றி, குட்டிகளுக்குத் தாய். ராஜாவுக்குப் பன்றிக்கறி என்றால் உயிர். பேசாமல் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து மண்ணைக் கிளறியே வளர்ந்தவள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதில் விளையாடினால் அவளுக்குப் பொறுக்காது.

"ஆறு கடல்ல பொறந்து மலை ஏறுதுங்களே ராஜா" என்றாள்.

மான் நைசாகத் தள்ளி நின்றது.

"அப்புறம்?" என்றார் ராஜா.

மாட்டியது மாட்டியாயிற்று, முழுசாகவே சொல்லித் தொலைப்போம் என்று பூவாத்தாவுக்குத் தோன்றியது. "கோட்டைக்குப் போக வழியே இல்லீங்க, பறந்துதான் போகணும். ஒரு புல்வெளிகூட இல்ல. புல் இல்லன்னா மான் இல்ல, மான் இல்லன்னா உங்க நாட்டுல நீங்களே பட்டினி. ஆத்தைத் திருப்பி விட்டு, கரையில கொஞ்சம் புல் போடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை பேர்ல நீ ஒருத்திதான் என் படத்தைப் பார்த்திருக்க" என்றார். இனி பூவாத்தாவையும் அவள் குட்டிகளையும் யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே உத்தரவும் போட்டார்.

இங்கேயே முடித்தால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போடுவார்கள். முடியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய், கோரைக்கிழங்கு தோண்டித் தின்று, வெயில் சாயும்வரை சேற்றில் புரள்வது பூவாத்தாவின் வழக்கம். அந்த ஞாயிறு கிளம்பும்போது வாசலில் ராஜா நின்றார், கையில் திருத்திய படம். அடுத்த ஞாயிறு புலிமாபுரத்தின் பக்கத்து நாடு. அதற்கடுத்து அந்த நாட்டின் சரித்திரம், முதல் பாகம். கேள்விப்பட்டுச் சிறுத்தை தன் கவிதைகளோடு வந்தது. முதலை ஒரு நாவல் எழுதியிருந்தது, அதை அதுவே வாசித்தும் காட்டியது. குட்டிகள் ஓடைக்குப் போகும் வழியையே மறந்துபோயின. எதிரே மரநிழலில் நரி கால்மேல் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் எதையும் காட்டுவதில்லை.

ஒருநாள் பூவாத்தாவும் நரி மாதிரியே, "அருமைங்க ராஜா" என்று சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு உடம்பு சரியில்ல போல. நாளைக்கும் வரேன்" என்றார் ராஜா.

கடைசியில் அவள் அழுதுவிட்டாள். "ஒரு ஞாயிறாவது குட்டிங்களோட ஓடைக்குப் போகணும் ராஜா. முடியாதுன்னா பேசாம என்னைச் சாப்பிட்டுடுங்க."

ராஜா பதறிப்போனார். "உன்னைச் சாப்பிட்டுட்டா இதை யாரு பார்க்கிறது?" என்று சொல்லி, இரண்டாம் பாகத்தைப் பிரித்தார்.

நீதி: உண்மையைச் சொன்னால் உயிர் மிஞ்சும், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சாது.