வேறு கலர் கேட்ட கல்யாணப்பெண்

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தும், ஒரு பட்டுப்புடவையைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அதற்கு முழுப் பொறுப்பு என் அம்மா. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முகூர்த்தப் புடவை எடுக்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அம்மாதான் கடைக்குக் கூட்டிப் போவாள். அவளைக் கண்டதும் கடைக்காரர்கள் ஃபேனைக் கூட்டி வைப்பார்கள் (வியர்ப்பது அவர்களுக்குத்தான்). அம்மாவின் சட்டம் ஒன்றுதான்: விலை படியும்வரை முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. வாயில் வரும் வார்த்தைக்கும் ஒரு கணக்கு உண்டு. 'பரவாயில்லை' என்றால் பிடித்திருக்கிறது. 'சுமார்' என்றால் ரொம்பவே பிடித்திருக்கிறது. புடவையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொட்டாவியோடு 'ஏதோ இருக்குது' என்றாளானால், அதை வாங்காமல் கடையை விட்டு இறங்க மாட்டாள். சின்ன வயதில் ஒருமுறை நான் குறுக்கே புகுந்து "ஐ, சூப்பர்" என்று சொல்லிவிட, பேரம் அங்கேயே படுத்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

இப்படி வளர்ந்த எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலையும் கிடைத்து, வாலாஜாபாத்தில் மாப்பிள்ளையும் அமைந்தார். நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவர்கள் வீட்டார் வந்திருந்தார்கள். காபி முடிந்ததும் வருங்கால மாமியார் ஓர் அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தார். முகூர்த்தப் புடவை. கடையில் எடுத்தது இல்லை. எனக்கென்று கலர் சொல்லி, நெய்கிறவர் வீட்டுக்கே பலமுறை நடந்து, நெய்து வாங்கியது.

திறந்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான புடவையை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துப் பழக்கம் முந்திக்கொண்டது. முந்தானையைத் திருப்பிப் போட்டேன். பார்டரை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பெட்டியை ஓரமாகத் தள்ளினேன்.

"ஏதோ இருக்குது," என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இதே பார்டர்ல வேற கலர் காட்டுங்க."

மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார். அவருடைய தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். பதறிப்போன அம்மா, சமாளிப்பதாக நினைத்து, புடவை பரவாயில்லை, சுமாராகத்தான் இருக்கிறது என்று தன் பங்குக்கும் ஒரு போடு போட்டாள்.

மாமியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. புடவையை மெதுவாக மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பொண்ணு இல்லம்மா. பொண்ணுக்குன்னு எடுத்துப் பழக்கமில்ல. புடிக்கலன்னா சொல்லிடு, தப்பில்ல."

அழுதுவிட்டேன். கடை, பேரம், அம்மாவின் சட்டம் எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே ஒப்பித்தேன். ரொம்பப் பிடித்தால்தான் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வோம் என்றேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. தாய்மாமா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

மாமியார் மட்டும் ஏதோ யோசித்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நாங்க பொண்ணு பாத்துட்டுப் போனப்புறம், எங்க பையனப் பத்தி பொண்ணு என்னா சொல்லுச்சு?"

அம்மா நெளிந்தாள். பேரம் பேசும்போது தவிர அவளுக்குப் பொய் வராது.

"அது வந்து... ஏதோ இருக்குதுன்னு சொன்னா."

மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மாப்பிள்ளை அப்போதுதான் ஃபேனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தாய்மாமாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, "நாள குறிங்க" என்று சொல்லிவிட்டு, மாமியார் புடவையைத் திரும்பவும் என் மடியில் வைத்தார். ஆசையாக வாங்கி வந்ததை ஒருத்தி தள்ளிவிட்ட பிறகும், அவள் சொல்வது நிஜமாக இருக்குமோ என்று கேட்டுப் பார்க்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தாய்மாமாவுக்கு முன்னால் செருப்பைப் போட்டிருப்பேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க மாமியார்கிட்ட மருமக எப்பிடின்னு கேட்டேன்மா. ஏதோ இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. மார்க்கெட்டு, ரைஸ் மில்லு, எங்க போனாலும் அப்பிடித்தான் சொல்றாங்களாம். மனசுல வச்சுக்காத."

"எல்லார்கிட்டயுமா சொல்றாங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் அந்த அம்மாள், என் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.