கழட்டு அண்ணாச்சி உட்கார்ந்த சீட்டு

டெல்லியில் பெரிய அதிகாரிகளுக்குக் கை கொடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் கையிலிருந்து மோதிரத்தைக் கழற்றச் சொன்ன ஆள் ஒருவர்தான். எங்கள் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டிகளைக் கவனித்துக்கொண்ட கழட்டு அண்ணாச்சி. நெல்லைக்காரர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரிகள். ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கி, வயரைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்துவிடும். திங்கட்கிழமை காலையில் டிரைவர்கள் அவரவர் வண்டியை அண்ணாச்சி முன்னால் இறுக்க வேண்டும். முதலில் வண்டிச் சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அடுத்து ஒரே சொல்தான்.

“கழட்டும் வே.”

மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் போகும். “தங்கமா இரும்பான்னு கரண்டு பாக்காது வே. ரெண்டு முனைக்கும் நடுவுல பட்டுச்சுன்னா விரலு வெந்துரும்” என்பார். அவருடைய ஸ்பானர் தலையிலிருந்து வால்வரை கறுப்பு டேப் சுற்றி, கை முறிந்து கட்டுப் போட்டது போல இருக்கும். பீடி பிடிப்பவர்களை இருபதடி தள்ளி நிறுத்துவார். “சார்ஜ் ஏறுன பேட்டரி மூச்சு விடும். அதுல நெருப்பு பட்டா நாம மூச்சு விட மாட்டோம்.” யாராவது வேகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் திருகினால், “போதும் வே, கழுத்த நெரிக்காதீரும். முனை ஈயம், ஒடிஞ்சிரும்” என்று கையைப் பிடிப்பார்.

புது மாப்பிள்ளை டிரைவர் ஒருவர், கல்யாண மோதிரத்தைக் கழற்றினால் மனைவி கோபிப்பாள் என்றார். அண்ணாச்சி அவர் போனை வாங்கி அந்த அம்மாவையே கூப்பிட்டார். “தாயி, இன்னும் பத்து நிமிசத்துக்கு உம் புருசன் கல்யாணம் ஆகாதவன். சரிதான?” அந்த அம்மா என்ன சொன்னாரோ, மாப்பிள்ளை அதற்குப் பிறகு வீட்டிலேயே மோதிரத்தை வைத்துவிட்டு வந்தார்.

நானும் அங்கே டிரைவர்தான். என்னிடம் மோதிரம் கிடையாது. என் சங்கடம் வேறு.

“இடுப்புல என்ன வே?”

“அரைஞாணுங்க. வெள்ளி.”

“குனிஞ்சா தொங்கும். கழட்டும்.”

எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கழற்றிவந்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் காதில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அண்ணாச்சி பக்கத்து வண்டியில் தலையை விட்டிருந்த நேரம் பார்த்து, சீட்டைத் தூக்கி மூடிவிட்டு “ஆச்சுங்க” என்றேன்.

புதன்கிழமை மைதானத்தின் நடுவில் என் வண்டி நின்றுபோனது. உள்ளே இருந்தவர் ஜனக்புரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை இன்ஜினியர், தமிழர். வலது கையில் மட்டும் நான்கு ராசிக்கல் மோதிரங்கள். “டெர்மினல் லூஸா இருக்கும், நானே பாக்கறேன்” என்று தன் காரிலிருந்து ஸ்பானர் வரவழைத்தார். டேப் இல்லாத வெறும் இரும்பு. நான் போன் செய்ததும் வந்துசேர்ந்த அண்ணாச்சி, நேராக வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“எந்திரிப்பா.”

“மோதிரத்தைக் கழட்டுங்க சார், எந்திரிக்கேன்.”

“இந்தப் பவளம் பதினோரு வருஷமா விரல விட்டு எறங்கல.”

“அப்ப நானும் எறங்கல சார்.”

பின்னால் நான்கு வண்டிகள் நின்றுவிட்டன. “அரே பையா, ஜல்தி” என்று அவற்றில் இருந்தவர்கள் அவசரப்படுத்திச் சத்தம் போட்டார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அண்ணாச்சியைப் பார்த்து, இறங்கு, இல்லையென்றால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று இந்தியில் கத்தினார். அண்ணாச்சி அசையவில்லை.

நான் பொதுவாக நாலு பேர் முன்னால் தும்மக்கூட யோசிப்பவன். அன்றைக்கு இன்ஜினியரிடம் வாய் தானாகத் திறந்தது.

“சார், அவர் மேல தப்பில்லைங்க. திங்கக்கிழமை நான் நட்ட இறுக்கவே இல்லைங்க. பொய் சொல்லிட்டேன்.”

“ஏன்யா?” என்றார் இன்ஜினியர்.

“அரைஞாணைக் கழட்டச் சொல்வாருங்க. எல்லாரும் சிரிப்பாங்க.”

அவர் கை மெதுவாகத் தன் பெல்ட்டுப் பக்கம் போனது. “வெள்ளியா?”

“ஆமாங்க.”

“என்னோடதும் வெள்ளிதான்யா” என்றார், குரலைத் தாழ்த்தி.

சீட்டிலிருந்து அண்ணாச்சி சொன்னார்: “அப்ப அதையும் கழட்டணும் சார்.”

இன்ஜினியர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம், தானே பத்து நிமிடம் காத்திருப்பதாகவும் இவர்கள் இருவரையும் ஒன்றும் செய்யக்கூடாது என்றும் சொன்னார். அண்ணாச்சி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டைத் தூக்கினார். ஒரு நட்டு விரலாலேயே சுற்றியது. வயரின் நுனியைத் துடைத்து, அளவாக இறுக்கினார். வண்டி ஓடியது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் அவர் முதலில் திறந்து பார்த்தது என் வண்டியைத்தான். போன வருடம் அவர் குருகிராமில் உள்ள வேறு மைதானத்துக்கு வேலை மாறிப் போகும் நாள்வரை அப்படித்தான். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு என் வண்டி வழியில் நின்றதே இல்லை. ஒரு தடவையாவது நின்றிருக்கலாம். அவர் வந்து சீட்டில் உட்கார்ந்திருப்பார்.