ஊஞ்சல் பலகை கடலுக்குப் போனது

ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஆதப்பன் ஒரு சபதம் எடுத்தார். இந்த வாடைக்காற்று ஓய்வதற்குள் அலைமேல் எழுந்து நின்றே தீருவது.

படுத்துப் போவது அவருக்கு ஏற்கெனவே வரும். கொழும்புக் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாட்களில், ஞாயிறு தவறாமல் கல்கிசைக் கடற்கரைக்குப் போவார். வெள்ளைக்காரர்கள் பலகைமேல் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வருவதைப் பார்ப்பார். முதலில் சிரித்தார். பிறகு பொறாமைப்பட்டார். பிறகு ஒரு தேயிலைப் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டு தாமும் இறங்கினார். அலை முதுகைத் தொடும் கணத்தில் நெஞ்சைப் பலகைமேல் போட்டு, சீறிக்கொண்டு வந்து, வாய் நிறைய மணலோடு கரை சேரும் அளவுக்குத் தேறினார். அங்கே ஒரே ஒரு துரை மட்டும் எழுந்து நின்றபடி வருவார். கைகளைக் கட்டிக்கொண்டு, ஏதோ பல்லக்கில் வருகிறவரைப்போல வருவார். அந்த வித்தையை ஆதப்பன் தொடங்கலாம் என்றிருந்தபோது இலங்கையில் சட்டம் மாறியது. கடையை மூடினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். அவருடைய படிப்பு குப்புறப் படுத்த நிலையிலேயே நின்றுபோயிற்று.

ஊர் திருமயத்துக்குப் பக்கம். கடல் வேண்டுமென்றால் அறந்தாங்கி வழியாகப் பஸ் பிடித்துக் கோட்டைப்பட்டினம் போகவேண்டும். சித்திரையில் ஒரு முறை போய்ப் பார்த்தார். கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த நாகராசு என்ற மீனவர்தான் ஆறுதல் சொன்னார்.

"இப்பத் தூங்குது செட்டியாரே. வாடை அடிக்கட்டும், எந்திரிச்சு ஆடும் பாருங்க."

வாடை வந்துவிட்டது. பலகைதான் இல்லை. தேயிலைப் பெட்டி மூடியில் நெஞ்சு படுக்கும். ஆள் நிற்க முடியாது. ஆள் நீளத்துக்கு, வைரம் பாய்ந்த தேக்கில், ஒரு பலகை வேண்டும். அப்படி ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது. நான்கு சங்கிலிகளில் தொங்கியது. அதன்மேல் அவர் மனைவி சீதை ஆச்சி உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"சீதை, இந்தப் பலகை மினுமினுப்பு மங்கிப்போச்சு, பாத்தியா?"

"எங்கப்பச்சி ரங்கூன்லேருந்து கப்பல்ல கொண்டாந்து சீர் வச்ச பலகைங்க. அது எப்ப மங்குச்சு?"

"மங்கியிருக்கு. அறந்தாங்கியில ஒரு ஆசாரி இருக்காராம். வார்னீசு அடிச்சா மொகம் தெரியுமாம்."

"என் மொகம்தான் நெலைக்கண்ணாடியில தெரியுதே."

"பெரிய மனுசங்க வந்து ஒக்கார்ற எடம்."

ஆச்சி பாக்குவெட்டியை மடக்கினார். "சரி, கொண்டுக்கிட்டுப் போங்க."

பேரம் இவ்வளவு சுலபமாகப் படிந்தால் சரக்கில் ஏதோ இருக்கிறது என்று கொழும்பில் கடைக்கணக்குப் பார்த்த மனிதருக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. பலகை பஸ்ஸின் கூரையில் ஏறிக் கோட்டைப்பட்டினம் போய், நாகராசுவின் குடிசையில் தங்கிற்று. ஆதப்பன் வாரந்தோறும் வார்னீசு பார்க்கப் புறப்பட்டார். வீட்டில் வெறுஞ்சங்கிலிகள் தொங்கின. ஆச்சி பாயில் உட்கார்ந்தார்.

"இன்னும் காயலையாங்க?"

"மழைக்காலமில்ல? மெதுவாத்தான் காயும்."

"ஒங்க சட்டையில வார்னீசு வாசத்தைக் காணோம். மீன் வாசமில்ல அடிக்குது?"

"ஆசாரி வீட்டுக்குப் பக்கத்துல மீன் மார்க்கெட்டு."

"காதுல மணலு?"

"தேக்கை மணல் போட்டுத்தான் தேய்ப்பாங்க."

"ஒங்க காதை வச்சா தேய்க்கிறாரு?"

ஆதப்பன் சரணடைந்தார். கல்கிசை, துரை, சபதம், எல்லாம் வெளியே வந்தன. ஆச்சி கோபப்படவில்லை.

"கடலுக்கா போயிட்டு வாரீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தக் குரலுக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் செட்டிமார் வழக்கம் அப்படி: கொண்டுவிற்கவென்று வியாபாரத்துக்குப் போகிறவர் மூன்று வருஷத் தவணைக்குக் கடல் கடப்பார், மனைவி ஊரில் வீட்டைக் காப்பார். ஒவ்வொரு தவணை முடிந்து வரும்போதும் ஆச்சி கேட்பார், கடல் எப்படி இருக்குமென்று. "நம்ம கண்மாய் மாதிரிதான். கொஞ்சம் பெருசு. தண்ணி உப்பு" என்பார் ஆதப்பன். ராமேசுவரத்துக்குத் தம்பதியாகப் போகவேண்டும் என்று வைத்திருந்தார்கள். தம்பதியில் ஒருவர் எப்போதும் கொழும்பில் இருந்தார். இப்படியே ஆச்சிக்கு நாற்பது வயதாகிவிட்டது. அவர் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"ஒரு நா என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"அங்க பொம்பளைக்கு என்ன வேலை? நானே இப்பத்தான் எந்திரிக்கிற பாடத்துக்கு வந்திருக்கேன்."

"நின்னுட்டீங்களா?"

"நின்னேன்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு தும்மல் நேரம்."

ஆச்சி யோசித்தார். "அப்ப என் கண்ணு முன்னால நின்னு காட்டுங்க. நின்னுட்டா பலகை ஒங்களுக்கு. ஊஞ்சல்ங்கிற பேச்சே எடுக்க மாட்டேன், பாயே போதும். விழுந்துட்டா பலகை எனக்கு. அது எங்கிட்டுப் போகணும், யாரு கூடப் போகணும், எல்லாம் நாந்தான் சொல்லுவேன்."

ஆதப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சம்மதித்தார்.

"ஒண்ணே ஒண்ணு. சீர்ப்பலகை. ஒரேயடியா வீட்டை விட்டுப் போகப்போகுது. ஒரு வாரம் கொண்டாந்து மாட்டுங்க. முறையா அனுப்பி வைக்கிறேன்."

நியாயமான கோரிக்கை. பலகை வீடு வந்தது. ஆச்சி நாள்தோறும் மாலையில் அதற்கு விளக்கெண்ணெய் தடவினார். தேக்கு குடித்தது. குடிக்கக் குடிக்க ஊற்றினார். கடைசி நாள் மஞ்சள் குங்குமமும் வைத்தார். எதிரே நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆதப்பன், தோற்கப்போகிற பெண்மணிக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனார். பலகையில் அவர் முகம் தெரிந்தது.

கோட்டைப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைக்கு வந்ததும் ஆச்சி நடக்கவில்லை. நின்றுவிட்டார். வாடை அவர் முந்தானையை இழுத்துப் பறித்தது. சாம்பல் நிறத்தில் அலை அலையாய், முடிவே இல்லாமல் கடல் புரண்டுகொண்டிருந்தது.

"இதையா கண்மாய்னு சொன்னீங்க?"

ஆதப்பன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் நாகராசு பலகையைப் பிடித்துக்கொண்டார். நல்ல அலை ஒன்று வந்தது. படுத்தார். பலகை சீறிற்று. உள்ளங்கைகளை ஊன்றினார். வலது காலைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த கால் வைத்த இடத்தில் நிற்கவில்லை; தனியாக ராமேசுவரத்துக்குப் புறப்பட்டது. செட்டியார் இடப்பக்கம் விழுந்தார் என்று கோட்டைப்பட்டினத்தில் சொல்வார்கள். வலப்பக்கம் என்று திருமயம் பக்கம் சொல்வார்கள். இரு தரப்பும் சரியே. அவர் விடாமல் முயன்றார். இரு பக்கமும் விழுந்தார். ஒரு முறை பின்பக்கமும் விழுந்தார். அதைப் பற்றி இரு ஊரும் பேசுவதில்லை.

"வழுக்குது! பலகை வழுக்குது!"

"மினுமினுப்பு வேணும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"

நாகராசு சிரிப்பை அடக்க முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஆதப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கரையில நின்னு யாரும் பேசலாம். நீ ஏறி நின்னு காட்டேன், பாப்போம்!"

"நிக்கவா?"

"நில்லு!"

ஆச்சி தம் துணி மூட்டையை அவிழ்த்தார். கடலில் தலை முழுகவென்று கொண்டுவந்த சீயக்காய்த்தூள் அதில் ஒரு படி இருந்தது. ஒரு தலைக்கு ஒரு படியா என்று ஆதப்பன் அப்போதுதான் நினைத்தார். பலகையை மணலில் கிடத்தி, சீயக்காயும் ஈரமணலும் கலந்து போட்டு, எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல ஆச்சி அரக்கித் தேய்த்தார். பளபளப்பெல்லாம் போயிற்று. தேக்கு அம்மிக்கல்போலச் சொரசொரத்தது.

"அடியே! வேணும்னுதான் எண்ணெய் தடவுனியா?"

"முறையா அனுப்பி வச்சேங்க."

பின்கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். உப்புத் தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது ஒரு சின்னக் கூச்சல் போட்டார். அது ஒரு சிறுமியின் கூச்சல். நாகராசு அலை பார்த்துத் தள்ளிவிட்டார். ஆச்சி படுக்கவே இல்லை. மண்டியிட்டார், எழுந்தார், நின்றார். அலை தூக்கியபோது முழங்கால் மடங்கிற்று, இறக்கியபோது நிமிர்ந்தது. கணவர் கடலுக்கு அப்பால் இருந்த அத்தனை வருஷ மாலைகளிலும், யாருமில்லாத வீட்டில், அதே பலகைமேல் நின்றுகொண்டு உந்தி உந்தி உத்தரத்தை எட்ட ஆடிய கால்கள் அவை. ஒரு கை மட்டும் சங்கிலியைத் தேடிற்று. கிடைக்கவில்லை. காற்றைப் பிடித்துக்கொண்டது.

கரை தட்டியதும் ஊஞ்சலை விட்டு இறங்குவதுபோல இறங்கினார்.

"ஆச்சி எங்கிட்டுச் செட்டியாரே படிச்சாங்க? கொழும்புலயா?" என்றார் நாகராசு.

ஆதப்பன் காதுக்குள் போன மணலைத் தட்டினார். கல்கிசைத் துரைகூட இவ்வளவு லகுவாக வந்ததில்லை என்று அவருக்குப் பட்டது. அதைச் சொன்னால் தோல்வி இரட்டிப்பாகும் என்பதால் சொல்லவில்லை.

"பலகை இனிமே இங்கிட்டே இருக்கட்டும்" என்று ஆச்சி தீர்ப்புச் சொன்னார். "சனிக்கெழம சனிக்கெழம நான் வந்துக்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை, முதல் பஸ்ஸுக்கு ஆச்சி துணி மூட்டையோடு புறப்பட்டார். ஆதப்பன் வாசல்வரை பின்னாலேயே போனார்.

"நானும் வாரேனே, சீதை?"

ஆச்சி திரும்பிப் பார்த்தார். "அடுப்புல பாலு வச்சிருக்கேங்க. பொங்கி வரும்போது நின்னு பாருங்க. படுத்துறாதீங்க."