மஹோகனிக் கண்ணாடி முன் ஒரு மாப்பிள்ளை

இருபத்துநாலு வயதில் நான் ஒரு முழு முட்டாள். அரை முட்டாளாக இருந்திருந்தால் வாயையாவது மூடிக்கொண்டிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். என் அப்பா மாணிக்கம் ஆசாரிக்கு மயிலாப்பூரில் மரப் பட்டறை. அவர் பெற்ற பிள்ளையான எனக்கோ உளி பிடிக்கத் தெரியாது (பி.ஏ. படித்த கை ஆயிற்றே!). மவுண்ட் ரோடில் பழைய சாமான்களை ஏலம் விடும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வந்து இறங்குகிற ஒவ்வொரு மேஜைக்கும் நாற்காலிக்கும் "நூறு வருஷப் பழசு, லண்டன் வேலைப்பாடு" என்று ஆங்கிலத்தில் டைப் அடிப்பதுதான் உத்தியோகம். முதலாளி சொல்லிக்கொடுத்த புளுகு. வெட்கக்கேடு என்னவென்றால், அடித்து அடித்து நானே அதை நம்பிவிட்டேன்.

அந்த லட்சணத்தில்தான் சைதாப்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா கோவிந்தசாமியும் என் அப்பாவும் வாலிபத்தில் ஒரே வெள்ளைக்காரன் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். கூடத்தில் ஆளுயர மஹோகனி நிலைக்கண்ணாடி, கீழே இரண்டு டிராயர். காபியோடு வந்த சரோஜாவை அந்தக் கண்ணாடிக்குள்தான் முதலில் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. உடனே என் மேதாவித்தனத்தைக் காட்டியாக வேண்டுமே!

"இது லண்டன் சாமான். நூறு வருஷம் இருக்கும்," என்றேன், சட்டத்தைத் தட்டியபடி.

கோவிந்தசாமி அப்பாவைப் பார்த்தார். "இன்னா மாணிக்கம், புள்ள இன்னா சொல்லிக்கினு கீது?"

"டேய், கேசரியத் துன்னுடா," என்றார் அப்பா.

நான் கேட்பேனா? "நம்மூர் ஆசாரிங்களுக்கு நாலு கால் வெச்சு ஆணி அடிக்கத்தான் மாமா தெரியும். இதுல ஒரு ஆணி இருக்காது. மூலைல பல்லோட பல்லு கோத்திருப்பான் வெள்ளைக்காரன். காட்டறேன் இருங்க!" (இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு ஆசாரிகள். அதில் ஒருவர் என்னைப் பெற்றவர்.)

வலது டிராயரை உருவி அப்படியே கவிழ்த்தேன். உள்ளே இருந்த பவுடரும் கொண்டை ஊசிகளும் என் கேசரியில் கொட்டின. அடிப்பலகையில் பென்சில் எழுத்து: "வலது டிராயர். மாணிக்கம், மயிலாப்பூர்." என் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகளில் கையெழுத்துப் போட்ட அதே கோணல் எழுத்து.

"தொர ஊருக்குப் போறப்போ எனக்குக் குட்த்துட்டுப் போனது தம்பி. செஞ்சது ஒங்க நைனா. மூணு மாசம் இழைச்சாரு," என்றார் கோவிந்தசாமி.

அப்பா குனிந்து ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே போயிருந்த சரோஜா தன் அம்மாவிடம் சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும்: "பெத்த அப்பன் வேலையே இவருக்குத் தெர்ல. நாளைக்கு எம் புள்ளயப் பாத்து, லண்டன்லேர்ந்து வந்துச்சுன்னு சொல்வாரும்மா!"

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ஒரு நிபந்தனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து, ஆணியே இல்லாமல் ஒரு சாமான் செய்து காட்ட வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மணி பதில் சொல்வாளாம். என்ன திமிர்! (அடுத்த ஞாயிறே போய் உட்கார்ந்துவிட்டேன்.)

ஆறு மாதமும் இரண்டு நகமும் போன பிறகு ஒரு முக்காலி பிறந்தது. மூன்று கால் சாமான் ஆடவே ஆடாது என்று அப்பா சொல்லியிருந்தார். என்னுடையது ஆடியது.

சரோஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "சரி, கட்டிக்கறேன். ஆனா இதும் மேல மட்டும் ஒக்கார மாட்டேன்," என்றாள். இன்றுவரை உட்காரவில்லை.

முக்காலி எங்கள் முன்னறையில்தான் இருக்கிறது. வந்த விருந்தாளி கிளம்புகிற வழியாக இல்லையென்றால், சரோஜா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "அண்ணனுக்கு சோபா தோதுப்படல போல கீது. நீங்க செஞ்சீங்களே முக்காலி, அத்தக் கொணாந்து போடுங்க!"

நான் எழுந்திருப்பதற்குள் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.