தொட்டிலுக்கு ஒரு சைக்கிள்

ட்ரையத்லனில் இறங்குவது என்று முடிவெடுத்தேன். முதலில் கடலில் நீந்த வேண்டும். பிறகு சைக்கிள் ஓட வேண்டும். அதற்குப் பிறகும் உயிர் இருந்தால் காலால் ஓட வேண்டும். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் வீட்டுக்கே வரப் பயப்படும் ஒரு கணக்காளன் எடுத்த முடிவு இது.

"ஏனப்பா இந்த வேலை?" என்றாள் என் மனைவி ரூபிகா.

"உடம்புக்கு நல்லதாம்."

"உங்கட உடம்பிட்டைச் சொல்லிப்போட்டீங்களோ?"

கொழும்பு வெள்ளவத்தைக்கே தெரிந்த வாய் அது. மரக்கறிக்காரர் அவளைக் கண்டால் விலையைத் தானே குறைத்துவிடுவார். அப்படிப்பட்டவள் ஒரேயொரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நானும் திறப்பதில்லை. பங்குனி மாதம் ஆஸ்பத்திரிக்கு இருவராகப் போனோம். மூவராக வர இருந்தோம். இருவராகவே வந்தோம். பெண் குழந்தை. அழவேயில்லை.

அதற்குப் பிறகு விடியப்புறத்தில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளை அழுது எங்களை எழுப்பியிருக்க வேண்டிய நேரம் அது. எழுந்து மரைன் டிரைவில் ஓடினேன். ஓடி ஓடித்தான் இந்த ட்ரையத்லன் யோசனையே வந்தது. கடல் இலவசம். கால் சொந்தக் கால். சைக்கிளில்தான் இடித்தது.

கடைக்குப் போனேன். "வாங்க சேர், வாங்க!" என்றார் கடைக்காரர். என் கையிருப்பைச் சொன்னேன். 'சேர்' போய், சிங்களத்தில் 'தம்பி' வந்தது.

"மல்லி, இதுக்கு முன் சில்லு எடுக்கலாம்."

"பின் சில்லு?"

"அடுத்த வருஷம் வாங்க."

பழைய சைக்கிள் பார்க்கப் போனேன். 'கொஞ்சம்தான் பாவித்தது' என்று விளம்பரம் போட்ட ஒருவரின் சைக்கிள் கூடையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இருபத்தொரு நாள் கழித்து வரச் சொன்னார்.

அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பது பொய். அது என் நினைவை விட்டுப் போனதேயில்லை.

உள்ளே மரத் தொட்டில். கடையில் கட்டித் தந்தபடியே, பிரிக்காமல். ரூபிகாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஆசையில் வாங்கினேன். "தம்பி, பிள்ளை கைக்கு வரமுதல் ஒரு சாமானும் வாங்கக்கூடாது" என்று மாமி, ரூபிகாவின் அம்மா, தடுத்தார். நான் படித்தவன். வாங்கினேன். பிறகு மாமி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஒவ்வொரு நாளும் ஓடப் போகுமுன் குனிந்து பார்ப்பேன். பெட்டி இருக்கும். அதற்கு நேர் மேலே ரூபிகா கண்மூடிப் படுத்திருப்பாள். பாவம், அவளுக்குத் தெரியாமல் அதை வீட்டை விட்டு அகற்ற வேண்டும். எனக்கு ஒரு சைக்கிளும் வேண்டும். இணையத்தில் போட்டேன்: 'புதுத் தொட்டில். பெட்டி பிரிக்கவில்லை. சைக்கிளுக்கு மாற்றலாம்.'

கொட்டாஞ்சேனையிலிருந்து ஹியூபேட் என்றவர் அழைத்தார். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் வாங்கிய ரேஸ் சைக்கிள் அவரிடம் இருந்தது. வரிசை முடிய முன்னமே அவருடைய முழங்கால் முடிந்துவிட்டதாம். மகளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

வெள்ளிக்கிழமை ரூபிகா கோயிலுக்குப் போனதும் பெட்டியை இழுத்தேன். நல்ல பாரம். வெறுமையான இடத்தில் இரண்டு சூட்கேஸைத் தள்ளி, கட்டில் விரிப்பைக் கீழே தொங்கவிட்டேன். ஓட்டோவில் போகும்போது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஹியூபேட் வீட்டு விறாந்தையில் அவரும் மனைவியும் மகளும் சுற்றி நின்றார்கள். மீன் வெட்டும் கத்தியால் அவர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே, பழைய பிடவை சுற்றி, ஒழுங்காக அடுக்கி, என் கணக்கியல் புத்தகங்கள்.

ஹியூபேட் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "தம்பி, பேரப்பிள்ளை முதல்ல தவழட்டும். சோதினை பிறகு எழுதலாம்."

ரூபிகாவை அழைத்தேன். அவசரத்தில் ஸ்பீக்கரும் அழுந்திவிட்டது.

"கோயிலால வந்து பாத்தா கட்டிலுக்குக் கீழ சூட்கேஸ். எங்க நிக்கிறீங்கள்?"

"கொட்டாஞ்சேனையில."

"பெட்டியோடையோ?"

பிடவையை விலக்கிப் பெட்டியின் அடி வரைக்கும் பார்த்தேன்.

"ரூபி, தொட்டில் எங்க?"

"குடுத்திட்டன். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல பிள்ளை பெத்த, முகத்துவாரத்தில இருக்கிற தாய்க்கு. நாங்கள் வீட்டை வந்த கிழமையே, நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு."

"அப்ப இந்தப் புத்தகங்கள்?"

"ஒவ்வொரு விடியப்புறமும் குனிஞ்சு பாக்கிறீங்கள். ஒருநாள் வெறும் தரையைப் பாத்தா என்ன செய்வீங்களோ எண்டு பெட்டியைத் திரும்ப வச்சனான். தூக்கிப் பாத்தாலும் எண்டுதான் பாரம் போட்டனான்."

அப்படியென்றால் அவள் ஒருநாளும் நித்திரை கொண்டிருக்கவில்லை. கண்ணை மட்டும் மூடியிருந்திருக்கிறாள்.

ஹியூபேட்டின் மனைவி தலையில் கை வைத்தார். "நான் சொன்னேன்தானே, புள்ள பொறக்க முந்தித் தொட்டில் வேணாமுன்னு! கேட்டீங்களா? இப்ப மாதாவே தடுத்துட்டாங்க."

"அக்கா," என்றது ஃபோன். மரக்கறிக்காரரிடம் பேசும் குரல் இல்லை அது. நான் அந்தக் குரலைப் பங்குனிக்குப் பிறகு கேட்டதில்லை. "அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. ஆசையா வாங்குங்கோ. இவரும் ஆசையிலதான் வாங்கினவர். எங்கட பிள்ளை அதாலை போகேல்லை. தொட்டில் ஒரு பிள்ளையையும் கொண்டுபோகாது. இதை அவரிட்டைச் சொல்லவேணும் எண்டு எத்தினை நாளா வாய் வரைக்கும் வந்தது. அவர் ஓடிக்கொண்டெல்லோ இருக்கிறார். ஆரிட்டைச் சொல்ல?"

ஹியூபேட்டின் மகள் மெல்ல உள்ளே போய், ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"அங்கயே நில்லுங்கோ. வாறன்" என்றாள் ரூபிகா.

வந்தாள். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தாள், என் தோளில் இருந்த ஓட்டோத் தூசியைத் தட்டினாள். பிறகு ஹியூபேட் பக்கம் திரும்பினாள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. நாங்கள் புதுத் தொட்டில் ஒன்று வாங்கிக் கொடுப்பது. அவர் சைக்கிளைத் தருவது.

"இதில எங்கயப்பா மலிவு?" என்று காதுக்குள் கேட்டேன்.

"கணக்காளர் பேசாமல் வாங்கோ."

அதே கடை. அதே தொட்டில். விலை மட்டும் இடையில் நன்றாக வளர்ந்திருந்தது. ரூபிகா அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முதல் தொட்டிலை வாங்கிய அன்று அவளுக்கு உடம்புக்கு ஏலாமல் இருந்தது. நான் தனியாகத்தான் போனேன். இந்த முறை இரண்டு பேருமாகத் தெரிந்தெடுத்தோம். கடைக்காரப் பெண், "முதல் பிள்ளையா?" என்றாள். "ஓம்" என்றாள் ரூபிகா. அவ்வளவுதான் சொன்னாள். பில் போடும் வரைக்கும் என் கையை விடவில்லை.

மலிவாகச் சைக்கிள் தேடப் போய், பிள்ளையில்லாத வீட்டுக்காரன் ஒரே தொட்டிலை இரண்டு தரம் வாங்கிய கதை இதுதான்.

அடுத்த நாள் விடியப்புறம் எழுந்தேன். பக்கத்தில் ரூபிகா இல்லை. வெளியே வந்தால் லிஃப்டுக்கு முன்னால் சைக்கிள் நிற்கிறது. அதன் மேல் என் பழைய டீசேர்ட்டில் அவள்.

"எங்க வெளிக்கிட்டீர்?"

"உங்கட ட்ரையத்லன்காரருக்கு ஃபோன் பண்ணினனான். ரெண்டு பேராப் பிரிச்சும் செய்யலாமாம்."

"எப்பிடிப் பிரிக்கிறது?"

"நீங்கள் நீந்துங்கோ. நீங்களே ஓடுங்கோ. நடுவில நான்."

"உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"பள்ளிக்கூடத்துக்கு ஓ.எல் சோதினை வரைக்கும் என்ன, ஹெலிகொப்டரிலயோ போனனான்?"

மரைன் டிரைவில் அவள் முன்னால் போனாள். நான் பின்னால் ஓடினேன். அந்த நேரத்தில் அங்கே கடல் சத்தம் மட்டும்தான். நடுவழியில் அவள் வேகத்தைக் குறைத்து எனக்குப் பக்கத்தில் வந்தாள். முன்னால் பார்த்தபடியே, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாள் என்று சொன்னாள். நானும் சொன்னேன். இரண்டும் வேறு வேறு பெயர். வீடு வரைக்கும் அதற்குச் சண்டை பிடித்தோம். அவள்தான் வென்றாள்.

இன்றுவரை அந்தச் சைக்கிளுக்கு நான் காற்று மட்டும்தான் அடித்திருக்கிறேன்.