என் மகள் பார்ப்பது அந்தக் குறி இல்லை

ஈஜோக்
9.8.1986

ரவாங்கில் இருக்கும் அண்ணன் சிவானந்தம் அவர்களுக்குத் தங்கை நல்லம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான் நலமில்லை. நீங்களும் அண்ணியும் நலமென்பதை என் வீட்டுக்காரர் கருமாதிப் பந்தியிலேயே பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பந்தியில், “அமெரிக்காவுல குறி பாக்குறவளுக்கு அப்பன் சாகப்போறது மட்டும் தெரியல லா” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் அமராவதி அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்ததும், “குறி செய்யும் வேலை அம்மா” என்று எழுதினாள். அதை நான் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்லப்போக, காளியம்மா வெற்றிலை பாக்கோடு வந்து, காணாமல்போன ஆடு எந்தத் திசையில் நிற்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னாள். எழுதினேன். பிள்ளை படம் போட்டுப் பதில் எழுதியது. அது சுடுகிற குறியாம், கடுகைவிடச் சின்ன உருண்டை, உள்ளே வாயு, சுற்றிலும் லேசர் வெளிச்சத்தால் அடித்து நசுக்கினால் சூரியனுக்குள் நடப்பது அதற்குள் நடக்குமாம், பின்னாளில் கரண்டுகூட எடுக்கலாமாம். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நசுக்க வேண்டும், ஒரு பக்கம் குறைந்தாலும் அந்தப் பக்கமாகப் பிதுங்கிவிடும். இனிமேல் கட்டப்போகிற பெரிய கூடத்துக்குப் பிதுங்காத உருண்டை எது என்று கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. ஆட்டைப் பற்றித் தெரியாது என்று கடைசியில் ஒரு வரி.

அண்ணே, நீங்களும் என்னை அப்படித்தான் நசுக்குகிறீர்கள். வேலையை விட்டு வா, வாசுவைக் கட்டிக்கொள் என்று நான் அவளுக்கு எழுத வேண்டுமாம். நீங்கள் ஒரு பக்கம், தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஒரு பக்கம், கோயில் தலைவர் ஒரு பக்கம். அண்ணிதான் பாயசத்தில் கவனமாக இருந்து தன் பக்கம் சரியாக அமுக்கவில்லை. நான் அந்த வழியாகப் பிதுங்கிவிட்டேன். எழுத மாட்டேன். உங்கள் மகன் வாசுவே கைகழுவும்போது, “அத்த, அவ என்கிட்ட கணக்குக் கேட்டா நான் லோரியோட எங்க ஓடுறது?” என்றான். நல்ல பிள்ளை.

அப்பன் சாகப்போவது அவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்து, “புள்ளைக்குச் சொல்லாத, குறி தவறிடும்” என்றார். அடக்கம் முடிந்துதான் தந்தி கொடுத்தேன். வருகிறேன் என்றாள். வராதே என்றவள் நான்.

எனக்குத் துணை வேண்டாம். உங்கள் வாசலை மிதிக்கவும் மாட்டேன். மாரியம்மன் உங்களுக்கு ஆயுளையும் அண்ணிக்கு நல்ல செரிமானத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
செல்லையா மனைவி நல்லம்மாள்

பி.கு.: இன்றைக்கும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். சனிக்கிழமை வாசுவை லோரியோடு அனுப்புங்கள், அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். நான் அழுவதை மட்டும் யாரும் அவளுக்கு எழுதக் கூடாது.